குடியை நிறுத்தும் முதல் 4 நாள்: சென்னையில் ஒரு குடும்பம் செய்ய வேண்டியவை

கார்த்திகை முதல் தேதி மாலை போடும்போது குடியையும் நிறுத்துகிறவர்கள் சென்னையில் ஏராளம். ஆடியில் காப்புக் கட்டும்போதும், தவக்காலம் தொடங்கும்போதும், கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் செய்யும்போதும் இதுவே நடக்கிறது. எண்ணம் நல்லதுதான். ஆனால் பத்து வருடமாகத் தினமும் இரண்டு குவார்ட்டர் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டாம் நாள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் நினைவு தடுமாறி உளறும் ஜன்னி கண்டு உயிரே போகலாம். குடித்துச் செத்தவர்களை எல்லாத் தெருவிலும் பார்த்திருக்கிறோம். முறையில்லாமல் நிறுத்தியதால் செத்தவரை மட்டும் "ஹார்ட் அட்டாக்" என்று சொல்லி எடுத்துப்போய்விடுகிறார்கள்.

வீட்டில் தினமும் குடிக்கிற ஒருவர் "நாளையிலிருந்து விட்டுவிடுகிறேன்" என்று சொல்லும் அன்று, அந்த வீட்டார் கையில் இருக்க வேண்டிய விவரங்கள் இவை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். எப்போது ஓட வேண்டும், எங்கே போக வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பவை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை.

முதல் வேலை: அளவைக் கணக்கிட்டுத் தாளில் எழுதுவது

"கொஞ்சமாகத்தான் குடிப்பார்" என்று சொன்னால் மருத்துவருக்கு எதுவும் விளங்காது. டாஸ்மாக் குவார்ட்டர் 180 மி.லி. பிராந்தியோ ரம்மோ விஸ்கியோ, லேபிளில் பெரும்பாலும் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது 77 மி.லி. சுத்தமான ஆல்கஹால். எடையில் சுமார் 61 கிராம். 10 கிராமை ஓர் அலகு என்று வைத்துக்கொண்டால் ஒரு குவார்ட்டர் 6 அலகு, அதில் பாதியான கட்டிங் 3 அலகு. 650 மி.லி. பீர் 5 சதவீதமென்றால் இரண்டரை அலகு, 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் 4 அலகு. "பீர்தானே குடிக்கிறான்" என்று சமாதானமாகிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு ஸ்ட்ராங் பீர் ஒரு குவார்ட்டரைத் தாண்டிவிடுகிறது.

ஒரு வெள்ளைத்தாளில் இவற்றை எழுதுங்கள்: தினமும் எத்தனை குவார்ட்டர், எத்தனை வருடமாக. ஒருநாளில் முதல் குடி எத்தனை மணிக்கு. கடைசியாகக் குடித்தது எந்தத் தேதி, எத்தனை மணி. இதற்கு முன் நிறுத்தியபோது வலிப்போ, உளறலோ வந்ததா. கூடவே தூக்க மாத்திரை, வலி மாத்திரை, கஞ்சா, ஊசி ஏதாவது உண்டா. சர்க்கரை, ரத்த அழுத்தம், காமாலை, தலையில் அடி. கடைசியாக வயிறார எப்போது சாப்பிட்டார். இந்தத் தாளை மடித்து ஆதார் அட்டையோடு ஒரே கவரில் வையுங்கள். இரவு 2 மணிக்கு அவசரப் பிரிவில் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான். பதற்றத்தில் எதுவும் நினைவுக்கு வராது.

தாளில் இருக்கும் விவரங்களில் அதிகம் பேசுவது முதல் குடியின் நேரம். சாயங்காலம் மட்டும் குடிப்பவர் ஒரு ரகம். காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் டம்ளரைச் சிந்தாமல் பிடிக்க முடிகிறது என்றால் உடம்பு குடிக்கு அடிமையாகிவிட்டது என்று பொருள். கடை திறப்பது பகல் 12 மணிக்கு. இரவு 10 மணிக்கு முன் கடைசியாகக் குடித்தவருக்கு விடியும்போதே நடுக்கம் தொடங்கிவிடும். காலை 7 மணிக்கே கூடுதல் விலை கொடுத்துப் பிளாக்கில் வாங்குகிறவரைத் திமிர் பிடித்தவர் என்று ஏசுகிறோம். உண்மையில் அவர் நடுக்கத்துக்கு மருந்தாகத்தான் அதைக் குடிக்கிறார்.

வீட்டிலேயே நிறுத்தக் கூடாதவர்கள்

காலையில் குடித்தால்தான் நிதானம் வருகிறவர், முன்பு நிறுத்தியபோது ஒருமுறையாவது வலிப்போ ஜன்னியோ கண்டவர், தினமும் இரண்டு குவார்ட்டரைத் தாண்டுபவர், காமாலையோ வயிற்று வீக்கமோ இருப்பவர், 60 வயதைக் கடந்தவர், மாத்திரைப் பழக்கமும் சேர்ந்தவர், கர்ப்பிணி, தற்கொலை பற்றிப் பேசுகிறவர் ஆகியோர் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகித்தான் நிறுத்த வேண்டும். மற்ற தினக்குடிகாரர்களும் முதலில் மருத்துவரைப் பார்த்து, மாத்திரையோடுதான் வீட்டில் நிறுத்த வேண்டும். அப்போதும் முதல் 4 நாள் இரவு பகல் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

"போன தடவை ஒன்றும் ஆகவில்லையே" என்று நம்பாதீர்கள். குடிப்பதும் நிறுத்துவதுமாக மாறி மாறி இருந்தவருக்கு ஒவ்வொரு முறையும் நிறுத்தும்போது வரும் பாதிப்பு முந்தையதைவிடக் கடுமையாகலாம். மூளை அப்படிப் பழகிவிடுகிறது.

காரணம் இது. ஆல்கஹால் மூளையை அமுக்கி மந்தமாக்கும். வருடக்கணக்கில் தினமும் அமுக்கினால், மூளை தன் பங்குக்கு எதிர்ப்பக்கம் இழுத்துப் பழகிக்கொள்கிறது. பொங்கல் விளையாட்டில் கயிறு இழுக்கும்போது ஒரு பக்கத்தார் சட்டென்று கயிற்றை விட்டால் மறுபக்கத்தார் மல்லாந்து விழுவார்கள் அல்லவா, குடியைத் திடீரென்று நிறுத்தும்போது மூளைக்கு அதுதான் நடக்கிறது. நடுக்கம், வியர்வை, வலிப்பு எல்லாம் அந்த விழுகையில் வருபவை. கயிற்றை மெல்லத் தளர்த்துவதற்குத்தான் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறார்கள். மனவுறுதி உள்ளவருக்கும் வலிப்பு வரும். அவரைக் கோழை என்று திட்டுவதில் ஒரு பயனும் இல்லை.

மணிக்கணக்கு: கடைசிக் குடியிலிருந்து எண்ணுங்கள்

6 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு. 12 முதல் 24 மணி நேரத்துக்குள் சிலருக்கு இல்லாத குரல் கேட்கும், பூச்சி ஊர்வது தெரியும். ஆனால் தான் யார், எங்கே இருக்கிறோம் என்ற நினைவு தவறியிருக்காது. 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். இதற்கு முன் வலிப்பே வராதவருக்கும் வரும்.

48 மணி நேரத்திலிருந்து 96 மணி நேரம் வரை ஜன்னிக்கான காலம். வலிப்பு வரவில்லையே என்று வீடு நிம்மதியாகத் தூங்கப்போகும் மூன்றாம் இரவில்தான் இது வரும். அடையாளம் தெளிவாக இருக்கும். ஆள் பெயர் தெரியாது, பகலா இரவா என்று தெரியாது, காய்ச்சல் அடிக்கும், வியர்வையில் சட்டை நனையும், போர்வையைப் பிய்த்துப் பிய்த்து எடுப்பார், சுவரில் எறும்பு என்று தட்டிவிடுவார். பலர் தம் தொழிலையே செய்யத் தொடங்குவார்கள். ஆட்டோ ஓட்டுநர் கட்டிலில் உட்கார்ந்தபடி ஹேண்டில்பாரைப் பிடித்து ஹாரன் அடிப்பார். கொத்தனார் சுவரில் இல்லாத கலவையைப் பூசுவார். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப்போய் ஒருநாளை வீணாக்கினால் இதயம் நின்றுபோகக்கூடும். இது அவசர சிகிச்சைக்குரிய நோய். உடனே 108-ஐ அழையுங்கள். கட்டிலில் கட்டிப்போட்டுக் காத்திருக்காதீர்கள்.

வலிப்பு வந்தால்: தலைக்குக் கீழே துணி வையுங்கள். சுற்றியிருக்கும் சாமான்களை நகர்த்துங்கள். மணியைப் பாருங்கள். உலுக்கல் நின்றதும் இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிக்காதீர்கள். அதனால் வலிப்பு நிற்காது, கை விரல் ஒடியும். வாயில் ஸ்பூனோ தண்ணீரோ கூடவே கூடாது. குடி நிறுத்தியபின் வரும் வலிப்பு ஒரு நிமிடத்தில் நின்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். அடுத்தது சில மணி நேரத்தில் வரக்கூடும், ஜன்னியும் பின்னால் வரக்கூடும்.

குளுக்கோஸ் பாட்டில் ஏற்றும் முன்

நடுங்கிச் சோர்ந்து கிடப்பவரைத் தெருமுனைக் கிளினிக்குக்கு அழைத்துப்போய் "ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்கள் டாக்டர்" என்று கேட்பது நம் வழக்கம். நெடுநாள் குடித்தவர் உடம்பில் தயமின் எனும் பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். சரியாகச் சாப்பிடாதது ஒரு காரணம், குடல் அதை உறிஞ்சாதது இன்னொரு காரணம். சர்க்கரையை எரிக்க மூளைக்குத் தயமின் வேண்டும். தயமின் இல்லாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் கொஞ்சமும் தீர்ந்து மூளையின் ஒரு பகுதி பாழாகலாம். கண் அலைபாயும் அல்லது இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். அப்போதும் ஊசி போடாமல் விட்டால் நினைவாற்றல் போய்விடும். காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறப்பவராக, 45 வயதிலேயே பிறர் துணையின்றி வாழ முடியாதவராக ஆகிவிடுவார்.

"தினமும் குடிப்பவர், முதலில் தயமின் ஊசி போடுவீர்களா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ளும் டாக்டர் அபூர்வம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. கால் முறிந்தோ குடலிறக்கத்துக்கோ அட்மிட் ஆகும்போது, கௌரவம் கருதி "குடிப்பழக்கம் இல்லை" என்று எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். அறுவை சிகிச்சை நன்றாக முடிந்து, மூன்றாம் நாள் நோயாளி ஜன்னி கண்டு ட்ரிப்ஸைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார். சர்ஜனிடமும் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். வெட்கம் இரண்டு நிமிடம்தான்.

எங்கே போவது

சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் மனநலப் பிரிவு உண்டு. வலிப்பு, ஜன்னி, ரத்த வாந்தி, கறுப்பு மலம், காமாலை இருந்தால் இத்தகைய பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுதான் சரியான இடம். கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநலக் காப்பகம் 1794-இல் தொடங்கியது. அங்கும் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. புறநோயாளிச் சீட்டு வாங்கக் காலையிலேயே போய்விடுங்கள். அடையாறு இந்திரா நகரில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இந்தச் சிகிச்சைக்கென்றே இயங்குகிறது. குடும்பத்தாருக்கும் தனியாக வகுப்பு நடத்துவது அதன் சிறப்பு.

போனில் பேச: 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண். 14416 டெலிமானஸ் எனும் அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம். 104 மாநில மருத்துவ ஆலோசனை. கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்றால் பெண்கள் உதவி எண் 181. சிகிச்சைக்குச் சம்மதிக்கும்வரை அடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

தனியார் மறுவாழ்வு இல்லம் தேடுகிறீர்களானால் நிதானமாக விசாரியுங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எந்த நாள் வருகிறார், இரவில் நர்ஸ் இருக்கிறாரா, வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்று கேளுங்கள். சமையலறையையும் கழிவறையையும் பாருங்கள். முதல் மாதம் முகம் பார்க்கக் கூடாது, போன் கூடாது என்றால் திரும்பி வந்துவிடுங்கள். "வேனில் நான்கு பேர் வந்து தூக்கிக்கொண்டு போவோம், 3 மாதக் காசு கட்டிவிடுங்கள்" என்று சொல்லும் இடம் வேண்டவே வேண்டாம். போதையால் வரும் மனநலப் பாதிப்பும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் அடங்கும். சம்மதிக்கும் நிலையில் இல்லாத ஒருவரை அட்மிட் செய்ய, மனநல மருத்துவர் உள்பட இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். அதிகபட்சம் 30 நாள், அதற்கு மேல் மறுபரிசீலனை. அடித்துத் திருத்துவது சிகிச்சை அல்ல. டிடாக்ஸ், அதாவது மருந்து கொடுத்துக் குடியை நிறுத்தும் முதல் கட்டச் சிகிச்சை, நடக்கும் வாரத்தில் டாக்டர் இல்லாத அறையில் பூட்டிவைத்தால் மேலே சொன்ன வலிப்பும் ஜன்னியும் அங்கேதான் வரும்.

மருந்துகள்: வீட்டார் அறிய வேண்டிய அளவுக்கு

முதல் வாரத்தில் குளோர்டயசெபாக்சைடு அல்லது டயசெபாம் வகை மருந்தைத் தொடக்கத்தில் கூடுதலாகக் கொடுத்து, நாள்தோறும் குறைத்து, சுமார் ஒரு வாரத்தில் நிறுத்துவார்கள். ஈரல் கெட்டவருக்கு லோரசெபாம். இந்த மாத்திரைகளோடு குடித்தால் மூச்சு அடங்கும். அட்டை வீட்டார் கையில் இருக்கட்டும். வேளைக்கு எண்ணிக் கொடுங்கள். "தூக்கம் வரவில்லை" என்று இரண்டாவது மாதமும் மெடிக்கலில் கேட்டு வாங்கினால் குடி போய் மாத்திரை வந்ததாகத்தான் ஆகும். தூக்கம் சீராகப் பல வாரம் பிடிக்கும் என்பதை முன்பே சொல்லிவையுங்கள்.

பிறகு ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் அல்லது அகம்ப்ரோசேட் எழுதுவார்கள். முன்னதற்கு ஈரல் சோதனையும் பின்னதற்குச் சிறுநீரகச் சோதனையும் தேவை. டிராமடால், டேபென்டடால் போன்ற ஓபியம் வகை வலி மாத்திரை எடுப்பவருக்கு நால்ட்ரெக்சோன் கொடுத்தால் கடுமையான உடல் வேதனை உண்டாகும். மாத்திரைப் பழக்கத்தை அந்தத் தாளில் எழுதச் சொன்னது இதற்காகவும்தான்.

குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் மருந்தான டைசல்ஃபிராம் தனிக்கதை. "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று மின்சார ரயில் பெட்டிகளிலும் சுவர்களிலும் ஒட்டியிருக்கும் விளம்பரத்தைப் பார்த்து வாங்கும் பொடியில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அதில் டைசல்ஃபிராம் இருந்து, அவர் அன்றிரவு ஒரு குவார்ட்டர் அடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயநோய் உள்ளவர் இறக்கவும் கூடும். குழம்பில் ரகசியமாகக் கலந்துகொடுப்பது விஷம் வைப்பதற்கு அடுத்த காரியம். அவர் அறிந்து, சம்மதித்து, கடைசிக் குடிக்குப் பிறகு டாக்டர் சொன்ன இடைவெளி விட்டு, மனைவி முன்னிலையில் விழுங்கும்போது இதே மருந்து நல்ல காவலாக இருக்கும். மருந்தை நிறுத்தி 14 நாள்வரை அதன் வேலை உடம்பில் தங்கும். ஆல்கஹால் கலந்த இருமல் டானிக்கூட ஆகாது.

"தூங்கட்டும் விடு" என்று சொல்வதற்கு முன்

குடித்துவிட்டுக் கிடப்பவர் வழக்கத்துக்கு மாறாகக் கொறகொறவென்று குறட்டை விடுகிறார், தட்டினாலும் கிள்ளினாலும் கண் திறக்கவில்லை, உதடு நீலமாகிறது, மூச்சு இடைவெளி விட்டு வருகிறது என்றால் அது தூக்கம் அல்ல. பக்கவாட்டில் திருப்பி, வாயைத் துடைத்து, 108-ஐ அழையுங்கள். மல்லாக்கப் படுத்திருப்பவர் தன் வாந்தியே மூச்சுக்குழாயில் அடைத்து இறந்துவிடக்கூடும். தலையில் தண்ணீர் ஊற்றுவது, மோர், எலுமிச்சைச் சாறு புகட்டுவது எல்லாம் ஆபத்தைக் கூட்டும். இளைஞர்கள் என்றால் பையில் மாத்திரை அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். டேபென்டடாலும் தூக்க மாத்திரையும் குடியோடு சேரும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செய்யாததைச் சேர்ந்து செய்துவிடும். அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து மறைக்காதீர்கள். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிதளவு போதைப்பொருளோடு சிக்கியவராகவே இருந்தாலும், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் முழுச் சிகிச்சை எடுப்பவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது.

காசில்லாத நாளிலும் கடை மூடும் நாளிலும் கள்ளச்சாராயம் தேடிப் போவார்கள். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் எனும் விஷ ஆல்கஹால் கலந்ததைக் குடித்துப் பலர் செத்தார்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல். மெத்தனால் குடித்தவுடன் கொல்லாது. உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற அரைநாள், ஒருநாள் ஆகும். அதுவரை சாதாரணப் போதைபோலத்தான் இருக்கும். பிறகு வயிற்று வலி, வாந்தி, கண்ணில் பனி விழுவதுபோன்ற மங்கல், வேகமான மூச்சு. கண் மங்குகிறது என்று அவர் சொன்ன அந்த நிமிடமே டயாலிசிஸ் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு. கூடக் குடித்தவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களையும் அழைத்துப் போங்கள்.

வீடு திரும்பியபின் 90 நாள்

டிடாக்ஸ் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். மீண்டும் குடிக்கத் தொடங்குவது பெரும்பாலும் அதற்குப் பின் வரும் முதல் மூன்று மாதத்தில்தான். குடி ஆசை அலைபோல ஏறி, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அந்த அரை மணியைக் கடத்தும் வழியை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். சாயங்காலம் 6 மணிக்குப் பசி ஏறும் முன் சுண்டலோ முட்டையோ இட்லியோ சாப்பிட்டுவிட வேண்டும். காலி வயிறுதான் கடைப்பக்கம் இழுக்கும். வேலை முடிந்து வரும் வழியில் கடை இருந்தால் வழியை மாற்றுங்கள், பஸ் ஸ்டாப்பை மாற்றுங்கள். சம்பள நாளில் பணம் நேராக மனைவி அல்லது அம்மா கணக்குக்குப் போகட்டும். பழைய பார் நண்பர்களின் எண்ணை அவரே போனிலிருந்து நீக்கட்டும், நீங்கள் திருடி நீக்க வேண்டாம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் தனியாக அனுப்பாதீர்கள். சாவு வீட்டில் மாலை போட்டு, எடுக்கும்வரை இருந்துவிட்டு, சுடுகாட்டிலிருந்து நேரே வீடு. அங்கே நடக்கும் "அசதிக்கு ஒன்று"தான் பலரைக் கவிழ்த்திருக்கிறது.

குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் சென்னையில் பல பகுதிகளில் தமிழிலேயே நடக்கின்றன. கட்டணம் கிடையாது, பெயர் முகவரி கேட்க மாட்டார்கள். மனைவி, பிள்ளைகளுக்கு அல்-அனான். குடிப்பவர் பெண்ணாக இருந்தால் வீட்டார் மறைக்கப் பார்ப்பார்கள். பெண் உடம்பில் அதே அளவு குடி ஈரலைச் சீக்கிரம் கெடுக்கும் என்பதால் மறைத்துத் தாமதிப்பது அவளுக்குத்தான் கூடுதல் கேடு.

ஒருநாள் வழுக்கிவிட்டால்

மறுபடி குடித்துவிட்டார் என்றால் அன்றிரவு சண்டை வேண்டாம். போதையில் இருப்பவரிடம் பேசுவது எதுவும் மறுநாள் நினைவில் இருக்காது. அவர் டைசல்ஃபிராம் எடுத்துக்கொண்டிருந்தால் மட்டும் அந்த நேரமே ஆஸ்பத்திரி. இல்லையென்றால், மறுநாள் காலை காபி கொடுத்துவிட்டு அந்தத் தாளை எடுங்கள். எத்தனை குவார்ட்டர், எத்தனை நாள், கடைசிக் குடி எத்தனை மணிக்கு என்று புதிதாக எழுதுங்கள். ஒருநாள்தான், கை நடுக்கம் இல்லை என்றால் டாக்டருக்குப் போன் செய்து மருந்தைத் தொடரலாமா என்று கேட்டால் பெரும்பாலும் போதும். தினமும் குடிக்கத் தொடங்கி, காலையில் நடுங்கும் நிலைக்கு வந்துவிட்டிருந்தால் மறுபடி முறையான டிடாக்ஸ்தான் வேண்டும். கை நடுங்குகிறதா என்று பார்க்க, இரண்டு கைகளையும் விரல் விரித்து முன்னால் நீட்டச் சொல்லி, மேலே ஒரு நியூஸ்பேப்பர் தாளை வையுங்கள். விரல் நடுக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தாளின் ஓரம் படபடப்பது தெரியும்.